சமத்துவ உரைகளை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் எடுத்துப் பேசுகிறார்கள். 'மனிதர்கள் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள்' என்ற அந்த வாக்கியம் 1776-இல் வெளிவந்த அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் இருக்கிறது. ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பருக்காக வாதாடும் வக்கீல் ஆட்டிகஸ் ஃபின்ச் அதை நீதிமன்றத்தில் சொல்கிறார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங்கும் சொல்கிறார். இலக்கியத்தில் வரும் உரை ஒன்றையும் நிஜ வாழ்க்கையில் பேசப்பட்ட உரை ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால் பலர் கையில் எடுப்பது இந்த ஜோடியைத்தான். எடுத்த கையோடு எழுதிவிடுகிறார்கள்: 'இருவரும் ஒரே கருத்தை வலியுறுத்துகிறார்கள்.'

சறுக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆட்டிகஸ் அந்த வாக்கியத்தைத் தொட்டதுமே அதைச் சுருக்குகிறார். இடம் பொருள் பார்க்காமல் அதைக் கண்டபடி பயன்படுத்துகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். சிலர் கெட்டிக்காரர்கள், சிலருக்கு வாய்ப்பு கூடுதல், எல்லோரும் எல்லாவற்றிலும் சமம் இல்லை என்று தானே ஒப்புக்கொள்கிறார். அப்புறம்தான், பரம ஏழையும் கோடீஸ்வரனும் சமமாக நிற்கிற இடம் ஒன்று உண்டு, அது நீதிமன்றம் என்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், 1930-களின் அலபாமாவைச் சேர்ந்த வெள்ளைக்கார ஆண்கள். கறுப்பர்களும் நீங்களும் எல்லா வகையிலும் சமம் என்று அவர்களிடம் ஆரம்பித்தால் அடுத்த சொல் காதில் ஏறாது. அதனால் அவர்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய மிகச் சிறிய இடத்தை மட்டும் கேட்கிறார்.

கிங் அதே வாக்கியத்தை விரிக்கிறார். நாட்டை நிறுவியவர்கள் எழுதிக்கொடுத்தது ஒரு கடன் பத்திரம். கறுப்பர்களுக்கு மட்டும் அது 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்று திரும்பி வந்த காசோலையாகிவிட்டது. அதைப் பணமாக்கிக்கொள்ளத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். எதிரே சுமார் 2,50,000 பேர். பெரும்பாலோர் ஏற்கெனவே அவர் பக்கம் நிற்பவர்கள். அவர்களுக்குச் சமத்துவத்தை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. தர வேண்டியதைத் தரச் சொல்லித் தட்டிக் கேட்டால் போதும். தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்சியாளர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஆக, கருத்து ஒன்றா என்று பார்ப்பதற்கு முன் யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்த்தாக வேண்டும். நான் படித்த ஒப்பீட்டுக் கட்டுரைகளில் முக்கால்வாசித் தவறுகள் இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டதிலிருந்து வந்தவைதான்.

உள்ளே ஒரு சபை, வெளியே ஒரு சபை

கதையில் வரும் உரைக்குக் கேட்பவர்கள் இரண்டு கூட்டம். கதைக்குள் இருப்பவர்கள் ஒன்று, வாசகர்களாகிய நாம் இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வது பெரிய தவறு. 'ஆட்டிகஸின் உரை தோற்றது' என்று எழுதுபவர் ஜூரிகளை மட்டும் பார்க்கிறார். 'மனதை உருக்கி வென்றது' என்று எழுதுபவர் தன்னை மட்டும் பார்க்கிறார். டாம் ராபின்சன் குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வருகிறது. அதே பக்கங்களைப் படித்த வாசகரோ அவர் நிரபராதி என்பதில் துளியும் சந்தேகப்படுவதில்லை. ஹார்ப்பர் லீ குறிவைத்தது இந்த இடைவெளியைத்தான். உள்ளே இருப்பவர்கள் அசையாமல் இருக்க இருக்க, வெளியே இருக்கும் நமக்குக் கோபம் ஏறுகிறது.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த உரையை நாம் முழுதாகக் கேட்பதே இல்லை. கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட், ஆட்டிகஸின் மகள், வெளியே போயிருந்துவிட்டு, பாதிப் பேச்சில் நீதிமன்ற மாடிக்குத் திரும்பி வருகிறாள். சாட்சியங்களை ஆட்டிகஸ் வரிசையாக எடுத்துவைத்த பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அடுத்து அவர் சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, டையை இளக்கி, கோட்டைக் கழற்றுகிறார். அப்பா இப்படிப் பொது இடத்தில் செய்து பார்த்ததே இல்லை என்று பிள்ளைகள் திகைத்துப்போகிறார்கள். அந்தத் திகைப்பு ஜூரிகளுக்கானது அல்ல, நமக்கானது. இனி வருவது சாதாரண வக்கீல் பேச்சு இல்லை என்று அதன் மூலம் நாவலாசிரியர் நம் காதில் சொல்லிவிடுகிறார். இதையும் சேர்த்துத்தான் 'உரையின் வற்புறுத்தும் ஆற்றல்' என்று கணக்கிட வேண்டும். பேச்சை மட்டும் நறுக்கி எடுத்து கிங்கின் உரைக்குப் பக்கத்தில் வைத்தால் பாதி ஆற்றல் வெளியிலேயே நின்றுவிடும்.

இதிலிருந்து வருகிற இன்னொரு குழப்பம், பாத்திரத்தை ஆசிரியராகவே எடுத்துக்கொள்வது. 'ஹார்ப்பர் லீ இங்கே கூறுகிறார்' என்று எழுதக் கூடாது. ஆட்டிகஸ் ஜூரியிடம் ஒன்று கூறுகிறார்; அவரைப் பேசவைத்து லீ நம்மிடம் வேறொன்று கூறுகிறார்.

நிஜ உரை என்றால் அச்சில் இருப்பது அப்படியே பேசியதா?

கற்பனை உரையைச் சந்தேகத்தோடு படிப்பவர்கள்கூட நிஜ உரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். இந்தத் தவறுக்கு சோஜர்னர் ட்ரூத் உரையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற அவர், 1851 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். 'நான் பெண் இல்லையா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் உரையாகத்தான் உலகத்துக்கு அது தெரியும்.

ஆனால், மாநாட்டில் இருந்த மேரியஸ் ராபின்சன் அடுத்த மாதமே தன் பத்திரிகையில் வெளியிட்ட வடிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. எந்த ஆணுக்கும் குறையாத உடல் வலு எனக்கு இருக்கிறது, எந்த ஆணும் செய்யும் வேலையை நானும் செய்வேன் என்று நேராகப் பேசுகிறார். புகழ்பெற்ற வடிவத்தை ஃபிரான்சஸ் கேஜ் எழுதி வெளியிட்டது 12 ஆண்டுகள் கழித்து, 1863-இல். அதில் ட்ரூத் தென் மாநிலத்து அடிமைகளின் கொச்சையில் பேசுகிறார். அவரோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதில் பேசிய மொழி டச்சு. 13 பிள்ளைகளைப் பெற்றதாகவும் அந்த வடிவம் சொல்கிறது. அவருக்குப் பிறந்தவை 5.

அதாவது 'நிஜ உரை' என்று நாம் நீட்டுவதிலும் ஒரு எழுத்தாளரின் கை இருக்கலாம். அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டாம். எந்த வடிவத்தைப் படித்தோம், அதை யார், எப்போது எழுதினார் என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். இரண்டு வடிவங்களையும் எதிரெதிரே வைத்து எழுதினால் இன்னும் நல்லது. 1851-இல் ஒரு சபையிடம் பேசிய பெண்ணை 1863-இல் வேறொரு சபைக்கு ஏற்றபடி எப்படி மாற்றினார்கள் என்பதே தனிக் கட்டுரைக்குத் தாங்கும்.

பாதியில் வெட்டுவது

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், கடனைத் திருப்பாவிட்டால் உடம்பிலிருந்து சதையைத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிய யூத வட்டிக்காரர் ஷைலாக் பேசும் பேச்சைச் சமத்துவத்துக்கு உதாரணமாகக் காட்டாதவர் குறைவு. யூதனுக்குக் கண் இல்லையா, கை இல்லையா, குத்தினால் இரத்தம் வராதா என்று அடுக்கிக்கொண்டே போவார். மேற்கோள் வழக்கமாக இதோடு நின்றுவிடும். ஷைலாக் நிற்பதில்லை. எங்களுக்குத் தீங்கு செய்தால் நாங்கள் பழிவாங்க மாட்டோமா என்று கேட்கிறார். அந்தப் பேச்சு புறப்பட்டதே, கடன்பட்டவனின் சதை உனக்கு எதற்கு ஆகும் என்று ஒருவர் கேட்டதற்குப் பதிலாகத்தான். எல்லோரும் ஒரே மாதிரி மனிதர்கள் என்பது அங்கே பழிவாங்கலுக்குச் சொல்லப்படும் நியாயம். முழுதாகப் படித்தால் பேச்சின் மதிப்பு குறையாது, கூடும். அவமானப்படுத்தப்பட்ட ஒரு மனிதன் உண்மையான ஒரு வாதத்தை எங்கே கொண்டுபோய் முடிக்கிறான் என்று தெரியும்போது வலிக்கும்.

கிங்கின் உரைக்கும் இதே கதிதான். 'கனவு' பகுதி மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அன்று கையில் வைத்திருந்த எழுத்துப் பிரதியில் அந்தப் பகுதியே கிடையாது. பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்திலிருந்து 'அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்டில் ஏற்கெனவே அவர் அதைப் பேசியிருந்தார். மேடைப் பேச்சாளர் சபையின் மூச்சைக் கேட்டுத் தாளை ஒதுக்கிவைக்க முடியும். கதாபாத்திரத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒப்பீட்டில் கட்டாயம் வர வேண்டிய வேறுபாடு இது. கனவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் திரும்பி வந்த காசோலையின் கோபமும் போய்விடும், இந்த வேறுபாடும் போய்விடும்.

வென்றதா தோற்றதா என்ற அளவுகோல்

கண்ணகியின் வழக்குரையை இந்தத் தலைப்பில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டு. அவள் கேட்பது நீதி. எல்லோரும் சமம் என்ற கொள்கையை அவள் எங்கும் பேசவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஆனால் 'தேரா மன்னா' என்று அரசனைப் பார்த்து ஆரம்பிக்கும்போது, சான்றின் முன் அரசனும் குடிமகளும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆட்டிகஸ் நீதிமன்றத்தைப் பற்றிச் சொன்ன சமத்துவம் அங்கே நடந்து காட்டுகிறது.

இருவரின் வாதமும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்களுடையது முத்து என்கிறான் பாண்டியன். உடைத்ததும் மணி அரசன் வாயருகே தெறிக்கிறது. ஆட்டிகஸிடம் இருப்பது டாமின் செயலிழந்த இடக்கை. அடிபட்டது அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தில் வலப்பக்கம். அப்படி அடிக்க இடக்கை வேண்டும். இரண்டும் அசைக்க முடியாத சான்றுகள். ஒன்றில் அரசன் 'யானே கள்வன்' என்று சொல்லி உயிரை விடுகிறான். மற்றதில் ஜூரிகள் தலைநிமிராமல் உள்ளே வந்து குற்றவாளி என்கிறார்கள். இதை வைத்து, கண்ணகியின் உரை வலிமையானது, ஆட்டிகஸின் உரை பலவீனமானது என்று எழுதினால் அது கேட்டவர்களைப் பார்க்காத முடிவு. பாண்டியனுக்கு வெட்கப்படத் தெரிந்திருந்தது.

நிஜ உரைகளில் இந்த அளவுகோல் இன்னும் மோசமாக ஏமாற்றும். கிங் பேசி 18 நாளில் அலபாமாவின் பர்மிங்காமில் கறுப்பர்களின் தேவாலயம் ஒன்றில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்தது 1964 ஜூலையில். உரை வென்றதா, தோற்றதா? நாவலாசிரியருக்கு அடுத்த அத்தியாயம் கையில் இருக்கிறது. மேடையில் நிற்பவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது.

1964 ஏப்ரல் 20 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் குற்றவாளிக் கூண்டில் நின்று மண்டேலா பேசியபோது தூக்குத்தண்டனை வரலாம் என்ற நிலை. நாசவேலைக்குத் திட்டமிட்டதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறார். விடுதலை கேட்டுப் பேசும் ஒருவரின் தொடக்கம் இல்லை அது. நீதிபதியைப் பார்த்துக்கொண்டே உலகத்திடம் பேசுகிறார். ஜூன் 12-இல் ஆயுள் தண்டனை. இந்த உரையையும் ஆட்டிகஸின் உரையையும் 'நீதிமன்ற உரைகள்' என்று ஒரே பெட்டியில் போட்டால் முக்கியமானது ஒன்று விட்டுப்போகும்: ஆட்டிகஸ் இன்னொருவருக்காகப் பேசுகிறார், மண்டேலா தனக்கும் தன் மக்களுக்குமாகப் பேசுகிறார். டாம் ராபின்சன் சாட்சிக் கூண்டில் கேட்ட கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல முடிகிறது. சமத்துவத்தைப் பற்றிப் பேசும் இடம் வக்கீலுக்குத்தான் கிடைக்கிறது. யாருக்காக, யார் வாயால் என்ற கேள்வியைக் கட்டுரையில் ஒரு பத்தியாவது கேளுங்கள்.

உத்திகளை எண்ணுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே உருவகம், இங்கே அடுக்குமொழி, இங்கே உணர்ச்சி, இங்கே தர்க்கம் என்று பட்டியல் போட்டால் அது ஒப்பீடு ஆகாது. காசோலை என்ற உருவகம், சமத்துவத்தைத் தயவாக இல்லாமல் பாக்கியாகக் காட்டியது என்று எழுதினால் ஆகும். அதேபோல முதல் உரைக்கு நான்கு பத்தி, இரண்டாவதற்கு நான்கு பத்தி, கடைசியில் 'ஒற்றுமை வேற்றுமை' என்று ஒட்டவைத்தால் அவை இரண்டு தனிக் கட்டுரைகளாகவே இருக்கும். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு உரையும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேசப்படாத உரையை என்ன செய்வது?

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' மேடையில் பேசப்படவே இல்லை. 1936-இல் லாகூரில் சாதி எதிர்ப்பு அமைப்பு ஒன்றின் மாநாட்டுத் தலைமையுரையாக அதை எழுதினார். அழைத்தவர்களே சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நின்றுபோனது. உரையைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். 1,500 படிகளும் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டன.

பேசப்படாததால் ஒப்பீட்டில் இதைச் சேர்க்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படித்துப் பாருங்கள், எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியவர்களிடம் அவர் 'நீங்கள், உங்கள்' என்றே பேசுகிறார். அந்த நாற்காலிகள் காலி. அச்சில் படித்தவர்கள் மட்டுமே அதற்குச் சபை. ஆட்டிகஸின் உரையை இதற்குப் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் கேட்டவர்கள் ஏற்க மறுத்தார்கள், மற்றதில் கேட்கவே மறுத்தார்கள். இரண்டிலும் பேச்சு போய்ச் சேர்ந்தது புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரிடம்தான்.