வேடத்தைப் பார்ப்பது, வேடம் தந்தவரையும் பார்ப்பது: பழைய நாடக உருவப்படங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவிழாக் காலத்தில் விடிய விடிய வள்ளித் திருமண நாடகம் பார்த்துப் பழகிய இராமநாதபுரக் கடற்கரை மக்களுக்கு, ராஜபார்ட்டின் கிரீடத்தையும் அதைச் சூடியிருப்பவரையும் பிரித்தறிவது தனியாகக் கற்க வேண்டிய வித்தை அன்று. காலனியக் காலத்து நாடக உருவப்படங்களைப் பார்ப்பதற்கு அந்தப் பழக்கமே முதற்கருவி.

பயிற்சிக்கு டில்லி கெட்டில் என்னும் ஆங்கிலேய ஓவியரின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் நடிகை மேரி ஆன் யேட்ஸை, ‘சீனத்து அநாதை’ நாடகத்தின் மாண்டேன் வேடத்தில் அவர் வரைந்த படம் 1765இல் காட்சிக்கு வந்தது. இப்போது அது பிரிட்டனின் டேட் கலைக் காட்சியகத்தில் உள்ளது. விளக்கக் குறிப்பைப் படிப்பதற்கு முன்பே உடை, கைகளின் நிலை, பின்னணி ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின், இந்தச் சீனம் எவ்வழியே லண்டனுக்கு வந்தது என்று தேடுங்கள். சீனத்தின் யுவான் அரச மரபுக் காலத்து நாடகம் ஒன்றைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மொழிபெயர்த்தார். அதைத் தழுவிப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் எழுதியது 1755இல் மேடையேறியது. அதையொட்டி ஆர்தர் மர்ஃபி எழுதியதை லண்டனின் ட்ரூரி லேன் அரங்கு 1759இல் நடத்தியது. இத்தனை கை மாறி வந்த உடையிலிருந்து சீனத்தை அறிய முடியாது. லண்டன் எதைச் சீனம் என்று ஏற்றுக்கொண்டது என்பதை அறியலாம்.

அதே ஓவியர் 1769இல் சென்னைக்கு வந்து ஆற்காடு நவாப் முகமது அலியை வரைந்தார். நம் கரையிலிருந்து பார்ப்பவர் மிகுதியான நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. யேட்ஸின் படத்தை அருகில் வைத்து, எது ஓவியர் நேரில் கண்டது, எது அவர் லண்டனிலிருந்தே கொண்டுவந்த பழக்கம் என்று கேளுங்கள். வரைந்தவரின் கண்ணை மட்டும் குறைகூறுவது போதாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் பெருங்கடன் பட்டிருந்த நவாபுக்கும் தம்மை முழு அரசராகக் காட்டிக்கொள்ளும் தேவை இருந்தது. முத்துமாலை கண்ணில் பட்டால், மன்னார் வளைகுடாவின் முத்து என்று மனம் உடனே சொல்லும். ஆவணமின்றி அதை எழுதிவிடாதீர்கள்.

பிறகு படச்சட்டத்துக்கு வெளியே பாருங்கள். 1772இல் இந்த நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. இராணி முத்துத் திருவாயி நாச்சியாரும் இராமநாதபுரத்து இளம் மன்னரான சேதுபதியும் திருச்சிராப்பள்ளியில் சிறைவைக்கப்பட்டனர். படத்தின் அமைதியான முகத்தை இந்தச் செய்தியோடு மறுபடி பார்க்கும்போது, எனக்கு அது முன்புபோல் தெரிவதில்லை. அதே 1772ஆம் ஆண்டைச் சேர்ந்த கெட்டிலின் இன்னொரு படத்தில் ஒரு நடனப் பெண் இருக்கிறாள். லண்டன் நடிகைக்குப் பெயரும் வேடத்தின் பெயரும் தலைப்பிலேயே உண்டு. இவளுக்குத் தொழில் மட்டுமே தலைப்பு. படத்தலைப்புகளை இவ்வாறு ஒப்பிடுவதற்குச் சில நிமிடங்கள் போதும், ஆயினும் இதைத் தவிர்க்கவே கூடாது.

இறுதியாக இராமநாதபுரத்தில் உள்ள சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசத்துக்குச் செல்லுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி அங்கே உண்டு. இங்கே தூரிகை பிடித்தது நம் பக்கத்துக் கை. அந்நியரின் தொப்பியையும் உடையையும் அந்தக் கை எப்படிப் புரிந்துகொண்டது என்று அதே தாளில், கெட்டிலைப் பற்றிய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இதுவும் ஓர் அரண்மனை தீட்டச் சொன்ன காட்சி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.