சீலிங் ஒழுகினால் கூட்டு நிர்வாகக் குழு செய்ய வேண்டியவை

மலேசியாவில் பகாவ், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் பிளாட்டுகளில் அண்டை வீட்டாரை முகம் பார்க்காமல் ஆக்குவது சீலிங் ஒழுகல்தான். கீழ்வீட்டு அக்கா மேலே கை காட்டுவார். மேல்வீட்டு அண்ணன் "என் பாத்ரூம் நல்லாத்தான் இருக்கு" என்பார். பிளாட்டைப் பராமரிக்கும் கூட்டு நிர்வாகக் குழுவின் செயலாளர் பஞ்சாயத்து பேச வேண்டியதில்லை. 2013 ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டமும் அதன் 2015 விதிமுறைகளும் வழியை வகுத்திருக்கின்றன: வேறு காரணம் நிரூபணமாகும் வரை பழுது மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

புகாரை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் படம் மட்டும் போதாது. புகார் கிடைத்த 7 நாளுக்குள் சோதனை, அதன்பின் 5 நாளுக்குள் 28-ஆம் படிவத்தில் சான்றிதழ். காரணம் மேல்வீடு என்றால், சான்றிதழ் கிடைத்ததிலிருந்து 7 நாளுக்குள் அவர் பழுதுபார்க்க வேண்டும். தவறினால் குழுவே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

சோதனையில் அவசரம் வேண்டாம். முதலில் மேல்வீட்டுக் குழாய்களையும் டாய்லெட் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடி, ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். தொட்டி வால்வை மூட மறந்தால், தொட்டியில் இருக்கும் கசிவே மீட்டர் முள்ளைச் சுழற்றி உங்களை ஏமாற்றும். எல்லாம் மூடியும் முள் நகர்ந்தால் தண்ணீர் வரும் பைப்பில் ஓட்டை. நகராவிட்டால் தேக்கச் சோதனை: ஃப்ளோர் டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) பிளாஸ்டிக் சுற்றிய துணியால் அடைத்து, 25 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர் தேக்கி, சுவரில் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். கீழே சாயம் இறங்கினால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது. இறங்காவிட்டால் அடைப்பை எடுத்து வாளி வாளியாக ஊற்றுங்கள். அப்போது சொட்டினால் குற்றவாளி டிராப்பின் இணைப்பு அல்லது கழிவு பைப்.

அந்த பைப் கீழ்வீட்டு சீலிங்குக்கு மேல் தொங்குவதால் "அது உங்க பக்கம்" என்று வாதம் வரும். எடுபடாது. ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் பைப், எங்கே ஓடினாலும் அந்த வீட்டுக்கே சொந்தம். பல வீடுகளுக்கான நெடுக்கு பைப் பொதுச் சொத்து. அதன் செலவு பராமரிப்புக் கணக்கில்.

பூச்சு போயிருந்தால் பழைய ஓடுகளின் மேலேயே புது ஓடு ஒட்ட விடாதீர்கள். மலிவாக முடியும், தண்ணீரும் அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் சிமெந்துப் படுக்கையும் கான்கிரீட் வரை உடைபட வேண்டும். டிராப்பைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் சிமெந்துக் கலவை). தரையும் சுவரும் சேரும் மூலையில் சிமெந்துக் கலவையைச் சரிவாக வைக்கவும். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட். இரண்டாவது, முதலுக்குக் குறுக்காக. சுவரில் 300 மில்லிமீட்டர் வரை ஏற்றவும், குளிக்கும் மூலையில் இன்னும் உயரமாக. பூச்சு இறுகியபின், ஓடு ஒட்டுவதற்கு முன் தேக்கச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர்கள் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான். இது முடியாமல் மீதிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கீழிருந்து ஊசி போட்டு பியூ (பாலியூரிதேன்) ரசாயனம் ஏற்றுவது வெடிப்புக்குச் சரி. பூச்சே இல்லாத தரையில், தண்ணீர் இரண்டடி தள்ளி வேறு வழி தேடிக்கொள்ளும்.

கீழ்வீட்டில் பெயிண்ட் கடைசி வேலை. கான்கிரீட் காயும் முன் அடித்தால் கொப்புளம்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்திருந்தால் இளகிய கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பழுதுபார்ப்புக் கலவையால் மூடிய பிறகே பெயிண்ட்.

கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியின் ஒழுகல் வேறு கதை. மழைக்கு மட்டும் ஒழுகினால் கூரைக் கால்வாயைப் பாருங்கள். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் கால்வாய் அடைத்து, ஏப்ரல் இடிமழையில் தண்ணீர் கூரை ஓட்டுக்கடியில் ஏறும். மார்ச் கடைசியில் ஒருமுறை வாரினாலே பாதிப் புகார் குறையும். வாருவதற்குப் பராமரிப்புக் கணக்கு. கால்வாயையே மாற்ற, பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி).