தோலுக்கு எண்ணத் தெரியுமா? பேப்பர் கிளிப்பால் சோதிப்பது எப்படி

பேப்பர் கிளிப், ஸ்கேல், கூட ஓர் ஆள், இவ்வளவுதான் வேண்டும். தனக்குத்தானே செய்து பார்ப்பது வீண், விடைதான் முன்பே தெரியுமே.

கிளிப்பை நீட்டி நடுவில் வளைத்து, இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பிடியுங்கள். முதலில் 6 செ.மீ. இடைவெளி. எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும், அவருடைய கெண்டைக்காலில் தோல் லேசாகக் குழியும் அளவுக்கு வைத்து "ஒன்றா, இரண்டா?" என்று கேளுங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் படவேண்டும், இதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். நடுநடுவே ஒரு முனையை மட்டும் வைத்தால், குத்துமதிப்பாகச் சொல்பவர் மாட்டிக்கொள்வார்.

அப்புறம் விரல் நுனி. கெண்டைக்காலில் 4 செ.மீ. வாக்கில் குழம்பியவர், இங்கே 2, 3 மில்லிமீட்டரைக்கூடப் பிரித்துச் சொல்வார்.

காரணம், ஒவ்வோர் உணர்வு நியூரானும் (நரம்பு செல்லும்) தோலில் தனக்கென ஒரு பரப்பை வைத்திருக்கிறது. விரல் நுனியில் நியூரான்கள் நெருக்கம், பரப்பும் சின்னது. காலில் பரப்பு பெரிது, இரண்டு முனையும் ஒன்றுக்குள்ளேயே விழுந்தால் மூளைக்குப் போவது ஒரே புள்ளிதான்.

முனை அழுத்தும்போது நரம்பு நுனியின் சவ்வு இழுபட்டு, அதில் அயனிகள் (மின்னூட்டமுள்ள துகள்கள்) நுழையும் வழிகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருந்த மின்னழுத்தம் ஏறுகிறது, வரம்பைத் தாண்டியதும் ஒரு மின் துடிப்பு கிளம்புகிறது. பலமாக அழுத்தினாலும் துடிப்பு பெரிதாகாது, அடிக்கடி வரும், அவ்வளவுதான். (ஆங்கிலேய உடலியல் அறிஞர் எட்கர் ஏட்ரியன் இதை 1926-இல் காட்டினார், 1932-இல் நோபல் பரிசு.) கால் விரலில் தொட்ட சேதியை மூளையின் அடியிலுள்ள முகுளம் வரை கொண்டுபோவது ஒரே செல், ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். அதன் உடல் தண்டுவடத்துக்குப் பக்கத்து நரம்பு முடிச்சில் இருக்கிறது. முகுளத்தில் அடுத்த நியூரான் வாங்கி எதிர்ப்பக்கம் கடந்து மூளையின் நடுவிலுள்ள தாலமஸுக்குப் போகிறது, அங்கிருந்து பெருமூளையின் வெளி அடுக்கான புறணிக்கு.

வேகத்தைப் பார்க்கக் கிளிப் தேவையில்லை. அடுத்த முறை கால் விரலை எங்காவது இடித்துக்கொள்ளும்போது கவனியுங்கள்: பட்டது உடனே தெரியும், மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய இழைகளில் அந்தச் சேதி நொடிக்கு 70 மீட்டர் வரை ஓடுகிறது. கூடவே சுரீரென்று ஒரு வலி. உறையில்லாத மெல்லிய இழைகளில் சேதி நொடிக்கு ஒரு மீட்டர் வாக்கில்தான் நகரும், அதனால் அவை கொண்டுவரும் எரிச்சலான இரண்டாவது வலி நிதானமாக வந்து சேரும்.