கடும் தாக்குதல் வழக்கில் கைதா? டெக்சாஸில் பெயில் பாண்ட் எடுப்பது எப்படி

ஊரில் ஜாமீன் என்றால் இரண்டு பேர் ஷ்யூரிட்டி கொடுப்பார்கள், வெளியே வந்தவர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவார் என்று நமக்குத் தெரியும். டெக்சாஸில் அந்த அனுபவம் கைகொடுக்காது. இங்கே ஜாமீன் பெரும்பாலும் பணக் கணக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு முழு ஜாமீன் தொகைக்கும் கோர்ட்டில் பொறுப்பேற்கும் பத்திரம்தான் பெயில் பாண்ட், விற்பவர் பாண்ட்ஸ்மேன். அதை விற்பதற்கென்றே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலைச் சுற்றிக் கடை விரித்திருக்கிறார்கள். தம்பியோ மச்சானோ ரூம்மேட்டோ இப்படி ஒரு வழக்கில் உள்ளே போய்விட, அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும் ஹூஸ்டன், டாலஸ் பக்கத்துக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். பொதுவான விளக்கம்தான், வழக்கின் காகிதங்களைப் பார்த்த வழக்கறிஞர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. இல்லினாயில் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனே கிடையாது. கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் பாண்ட் விற்கும் தொழிலுக்கே அனுமதி இல்லை.

படி 1: ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

நகரப் போலீஸ் பிடித்தால் முதலில் அவர்களுடைய லாக்கப்பில் வைத்திருந்து, பிறகு கவுண்டி ஜெயிலுக்கு அனுப்புவதுண்டு. கவுண்டி ஷெரீஃப் அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பதிவு ஏறச் சில மணி நேரம் ஆகும்.

நம் பெயர்களால் இதில் ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருந்தால் ஜெயில் பதிவிலும் அப்படித்தான் இருக்கும். குமார் என்று தேடினால் ஆள் கிடைக்க மாட்டார், அப்பா ராமசாமி பெயரில் தேடினால் கிடைப்பார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும், அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் புக்கிங் எண், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, ‘ஹோல்ட்’ (ஜாமீன் கட்டினாலும் வேறு காரணத்துக்காக விடாமல் வைத்திருக்கும் குறிப்பு) ஏதாவது இருக்கிறதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ் கவுண்டியில் (ஹூஸ்டன் இருக்கும் கவுண்டி) கைதானவரை அடையாளம் காட்டும் எஸ்.பி.என். என்ற எண்ணைக் கேட்பார்கள், அதையும் எழுதி வையுங்கள்.

படி 2: போனில் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள்

ஜெயிலிலிருந்து வரும் அழைப்புகள் பதிவாகின்றன. “என்னடா நடந்தது?” என்ற கேள்விதான் முதலில் வாயில் வரும். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். “லாயர் வர்றார், அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதே” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா, மாத்திரை ஏதாவது வேண்டுமா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்ற நினைப்பும் வேண்டாம். அரசுத் தரப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கஷ்டமில்லை.

அடிபட்டவர் வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்பிச் சமாதானம் பேசுவது நம் பழக்கம். இங்கே அது சாட்சியைக் கலைத்த குற்றமாக மாறி, பேசப் போனவர் மேலேயே வழக்கு வரலாம். புகார் கொடுத்தவர் மனம் மாறினாலும் வழக்கு தானாக முடியாது. நடத்துவதா கைவிடுவதா என்று முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர்தான்.

படி 3: என்ன பிரிவு என்று பாருங்கள்

சாதாரணத் தாக்குதலுக்கும் கடும் தாக்குதலுக்கும் ஜாமீனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 22.02-வது பிரிவுதான் கடும் தாக்குதல். படுகாயம் ஏற்படுத்தியிருக்க வேண்டும், அல்லது உயிர்க்கொல்லி ஆயுதத்தைப் பயன்படுத்தியிருக்கவோ காட்டியிருக்கவோ வேண்டும். துப்பாக்கி மட்டும்தான் ஆயுதம் என்றில்லை. பயன்படுத்திய விதத்தைப் பொறுத்து சமையலறைக் கத்தி, பேஸ்பால் மட்டை, கார் எதுவுமே ஆயுதக் கணக்கில் சேரும். கத்தியைக் காட்டி மிரட்டினாலே இந்தப் பிரிவு வரலாம், ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை.

பொதுவாக இது இரண்டாம் நிலை ஃபெலனி (கடுமையான குற்ற வகை): 2 முதல் 20 ஆண்டு சிறை, 10,000 டாலர் வரை அபராதம். மனைவி அல்லது காதலியை ஆயுதத்தால் தாக்கிப் படுகாயம் ஏற்படுத்தியிருந்தால் முதல் நிலைக்கு ஏறிவிடும்.

படி 4: பாண்ட் கடைக்கு முன்னால் வழக்கறிஞர்

பெரும்பாலான வழிகாட்டிகள் உடனே பாண்ட்ஸ்மேனைக் கூப்பிடச் சொல்கின்றன. சின்ன வழக்குக்கு அது சரியாக இருக்கலாம். இந்தப் பிரிவுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பல இடங்களில் வீடியோவிலேயே முடித்துவிடுகிறார்கள். குற்றச்சாட்டை வாசித்து, உரிமைகளைச் சொல்லி, ஜாமீன் தொகையையும் நிபந்தனைகளையும் அங்கேதான் முடிவு செய்கிறார்கள். தொகையை வாய்க்கு வந்தபடி வைக்க முடியாது. குற்றத்தின் தன்மை, கட்டும் வசதி, பழைய வழக்குகள், அடிபட்டவரின் பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 17.15-வது பிரிவு சொல்கிறது. வேலை, வீடு, குடும்பம், எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரமெல்லாம் மாஜிஸ்திரேட் காதுக்குப் போனால்தானே கணக்கில் வரும்? அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். தொகை போட்ட பிறகும், அதிகம் என்று மனு போட்டுக் குறைக்க வழியிருக்கிறது. குறையக்கூடிய தொகைக்கு அவசரப்பட்டு முழுக் கட்டணம் கட்டிவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று 2025 நவம்பரில் சேர்ந்தது. டெக்சாஸ் வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை ஏற்றார்கள். சில வன்முறை ஃபெலனிகளில், ஆள் தப்பிவிடுவார் என்றோ பிறருக்கு ஆபத்து என்றோ அரசுத் தரப்பு விசாரணையில் நிரூபித்தால் ஜாமீனையே மறுக்கச் சொல்கிறது அது. படுகாயம் ஏற்படுத்திய, அல்லது துப்பாக்கி, கத்தி போன்றவற்றைப் பயன்படுத்திய கடும் தாக்குதலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படி ஒரு விசாரணை நடந்தால், வக்கீல் இல்லாமல் போவது பெரிய ஆபத்து. வசதி இல்லாதவர் மாஜிஸ்திரேட்டிடமே அரசு செலவில் வழக்கறிஞர் கேட்கலாம்.

படி 5: விசாவில் இருப்பவரா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்

குடியுரிமை இல்லாதவர் என்றால் குடிவரவுத் துறை ஜெயிலுக்கு ‘டீட்டெய்னர்’ அனுப்பியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இருந்தால், நீங்கள் பாண்ட் கட்டிய பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்து வைத்து, அந்தத் துறையிடம் ஒப்படைக்கலாம். ஆள் வீட்டுக்கு வராமல் குடிவரவுத் தடுப்பு மையத்துக்குப் போவார். பாண்ட் கட்டணம் திரும்பாது. டீட்டெய்னர் இருந்தால் கிரிமினல் வழக்கறிஞரும் குடிவரவு வழக்கறிஞரும் பேசி முடிவு செய்யும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

தண்டனை இல்லாவிட்டாலும் கைது மட்டுமே விசா ரத்துக்குக் காரணமாகலாம். எனவே ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று எடுத்துச் சொல்வது கிரிமினல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-ல் பதில்லா எதிர் கென்டக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தைரியமாகக் கேளுங்கள். தங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையும் கைதானவருக்கு உண்டு.

படி 6: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

சொந்தப் பொறுப்பில், பணம் கட்டாமல் விடும் ‘பர்சனல் பாண்ட்’ கடும் தாக்குதலுக்குக் கிடைக்காது. 2021-ல் வந்த சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. மிச்சம் இரண்டு வழி.

ஒன்று, முழுத் தொகையையும் ரொக்கமாகக் கவுண்டியில் கட்டுவது. எல்லாத் தேதிக்கும் ஒழுங்காகப் போய் வழக்கு முடிந்தால், ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பணம் திரும்பும். சிறு கட்டணம் பிடிக்கலாம். மற்றொன்று பாண்ட்ஸ்மேன். 50,000 டாலர் ஜாமீன் என்றால், 10 சதவீதக் கணக்கில் 5,000 டாலர் வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் அவர் கோர்ட்டில் பொறுப்பேற்பார். அந்த 5,000 அவருடைய கூலி. வழக்கு தள்ளுபடியானாலும் திரும்பாது. கையில் பணம் இருந்தால் ரொக்கமாகக் கட்டுவதே லாபம். ஆனால் இருப்பதையெல்லாம் ஜாமீனில் முடக்கிவிட்டு வழக்கறிஞர் கட்டணத்துக்குத் திண்டாடக் கூடாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: டெக்சாஸில் வழக்கறிஞரே தன் கட்சிக்காரருக்கு பாண்ட் போட இடமுண்டு. எல்லாரும் செய்வதில்லை, கேட்டுப் பார்க்கலாம்.

படி 7: பாண்ட் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

10 சதவீதம் என்பது டெக்சாஸில் சட்டம் போட்ட விகிதம் அல்ல, வழக்கத்தில் உள்ளது. இப்படிப்பட்ட வழக்குக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். குறைந்தது மூன்று கடையில் விசாரியுங்கள். பெரிய கவுண்டிகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கொடுப்பதற்கென்றே பெயில் பாண்ட் போர்டு இருக்கிறது. அதன் பட்டியலில் பெயர் உள்ளதா என்று பாருங்கள். ஜெயில் வாசலில் வந்து ஆள் பிடிக்கவும், இன்ன வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசு செய்யவும் பாண்ட்ஸ்மேனுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. இதில் எதைச் செய்தாலும் வேறு கடை பாருங்கள்.

கோசைனர் (உடன் பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் நீங்கள் போடும் கையெழுத்துதான் இந்த முழு விவகாரத்திலும் கனமானது. ஆள் கோர்ட்டுக்கு வராமல் போனால் மீதி 45,000 அல்ல, முழு 50,000 டாலரும், அவரைத் தேடிப் பிடிக்கும் செலவும் சேர்ந்து உங்கள் தலையில் விழலாம். வீட்டின் மேல் அடமானம் கேட்டிருந்தால் வீடே போகலாம். நண்பன் என்ற முகத்துக்காகப் போடுகிற கையெழுத்து அல்ல இது. முடியாது என்று தோன்றினால் முன்பே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

தவணை உண்டா, ஒரு தவணை தப்பினால் பாண்டை வாபஸ் வாங்குவாரா, வாராவாரம் நேரில் வர வேண்டுமா, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு கோர்ட் தொகையை உயர்த்தினால் புதிதாக எவ்வளவு, கணுக்கால் ஜிபிஎஸ் கருவிக்கு யார் பணம் கட்டுவது என்று ஒவ்வொன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ரசீது. நியாயமான காரணமில்லாமல் பாண்டை வாபஸ் வாங்கினால், கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கவும் வழி இருக்கிறது.

படி 8: வெளியே வந்த பிறகு

பாண்ட் போட்டதும் கதவு திறந்துவிடாது. ஃபைல் நகர மணிக்கணக்கில் ஆகும். குடும்ப வன்முறை வழக்கென்றால் அதற்கு மேல் 4 மணி நேரம் வைத்திருக்கவும், காரணம் காட்டி இன்னும் நீட்டிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

அதே வகை வழக்கில், படுகாயமோ ஆயுதமோ இருந்தால் மாஜிஸ்திரேட் அவசரப் பாதுகாப்பு உத்தரவு போட்டே ஆக வேண்டும். ஆயுதம் சம்பந்தப்பட்டிருந்தால் அது 61 நாள் முதல் 91 நாள் வரை நீடிக்கும். மனைவியே “வீட்டுக்கு வா” என்று கூப்பிட்டாலும் போகக் கூடாது. உத்தரவு கோர்ட்டினுடையது, அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, மீறினால் தனி வழக்கு. எனவே வெளியே வரும் முன்பே தங்க வேறு இடம் பார்த்து வையுங்கள். துணிமணி, லேப்டாப் எடுக்கக்கூட நேரே போகாமல் வழக்கறிஞர் மூலம் ஏற்பாடு செய்யுங்கள்.

கோர்ட் தேதிகளை இரண்டு பேர் போனில் போட்டு வையுங்கள். ஒரு தேதி தவறினாலும் பிடிவாரன்ட் வரும், பாண்ட் பறிமுதல் நடவடிக்கை தொடங்கும், ஃபெலனி வழக்கில் வராமல் இருந்ததே இன்னொரு ஃபெலனியாகலாம். வழியில் டயர் பஞ்சராகி நின்றால் அந்த நிமிடமே வழக்கறிஞரையும் பாண்ட்ஸ்மேனையும் கூப்பிடுங்கள். அன்றே சொன்னால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம்.

வழக்கு முடிந்ததும் அடமானம் தானாக விலகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பாண்டிலிருந்து விடுவித்த கோர்ட் ஆவணத்தின் நகலை பாண்ட்ஸ்மேனிடம் கொடுத்து, வீட்டின் மேல் உள்ள அடமானத்தை நீக்கிய பத்திரத்தை எழுதி வாங்கி, கவுண்டி கிளர்க் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ரொக்கமாகக் கட்டியவர்கள் ரசீதோடு போய்ப் பணத்தைக் கேளுங்கள். இடையில் வீடு மாறியிருந்தால் புதிய முகவரியை முதலில் பதிவு செய்துவிடுங்கள், காசோலை பழைய முகவரிக்குப் போய்விடக் கூடாது.