பிபிஇ கிட்: ஆம்புலன்ஸ் குழுவினர் கோட்டைவிடும் இடங்கள்

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது, அது நிபா என்று தெரிவதற்குள்ளேயே பலருக்குத் தொற்றியிருந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினி, மே 21 அன்று இறந்தார். கிடங்கில் எத்தனை பிபிஇ கிட் (அங்கி, மாஸ்க், கையுறை, கண்ணாடி அடங்கிய கவச உடை) அடுக்கி வைத்திருந்தாலும் அன்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எதற்காக எடுப்பார்கள்? வந்தவருக்குக் காய்ச்சல், அவ்வளவுதான் தெரியும்.

ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்குத் தினமும் இதே நிலைமைதான். அழைப்பில் 'மூச்சுத்திணறல்' என்று வரும், நோயின் பெயர் வராது. ஆகவே பெயர் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். வாசலில் நின்றபடி நாலு கேள்வி கேட்கலாம்: எத்தனை நாளாகக் காய்ச்சல், வெளியூர் போய் வந்தீர்களா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, உடம்பில் தடிப்பு உண்டா? முதலில் ஒருவர் மட்டும் உள்ளே போனால் போதும். நோயாளியால் தாங்க முடிந்தால் அவருக்கும் ஒரு சர்ஜிக்கல் மாஸ்க். புதுக் கிருமி எதுவும் வராவிட்டாலும், காசநோய் ஒன்றே நம் ஊரில் இதற்குப் போதுமான காரணம்.

மாஸ்க்கில் நடக்கும் தவறுகள் சின்னச் சின்னவை. என்95 முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். தாடி இருந்தால் ஒட்டாது. கீழ்ப்பட்டையைக் கட்டாமல் தொங்கவிட்டாலும் ஒட்டாது. மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு, மூச்சை வேகமாக விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரிசெய்ய வேண்டும். வால்வு வைத்த மாஸ்க் போட்டவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமலே வெளியே போகும் என்பதால், அதைத் தவிர்க்கச் சொல்லி 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

உண்மையான கண்டம் கிட்டைக் கழற்றும்போதுதான். நோயாளியைச் சேர்த்தாயிற்று, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணாடி முழுக்க ஆவி, எப்போது இதைக் கழற்றி எறிவோம் என்றிருக்கும். அந்த இரண்டு நிமிட அவசரத்தில், அதுவரை காத்த கவனம் எல்லாம் வீணாகிறது. 2014இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரே ஒரு எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கு நோய் தொற்றியது. அதன் பிறகு அக்டோபர் 20 அன்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் விதிகளைத் திருத்தியது. தோல் துளியும் வெளியே தெரியக் கூடாது, போடவும் கழற்றவும் திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும் என்பவற்றோடு, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தது. என் கணக்கில் மூன்றாவதுதான் முக்கியம். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது.

வழக்கமான வரிசை இது: கையுறை, கண்ணாடி, அங்கி, கடைசியில் மாஸ்க். முழு உடல் உடையென்றால் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். நடுவில் எப்போது கையில் அழுக்குப் பட்டதாகத் தோன்றினாலும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல், பின்பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். பயிற்சிக்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. கையுறையைச் சொட்டு நீலம் கரைத்த தண்ணீரில் நனைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். மணிக்கட்டிலும் கழுத்திலும் நீலம் ஒட்டியிருப்பதைப் பார்த்தவருக்குத் தனியாக வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பைலட்டை, அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநரை, எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு, அதே கையுறையோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். நடுவில் செல்போன் வேறு. தூக்கி முடித்ததும் கையுறையையும் அங்கியையும் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டு, மாஸ்க்கோடு மட்டும் வண்டியில் ஏற வேண்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவிலுள்ள ஜன்னல் மூடியிருக்கட்டும். ஏசி உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுக்கட்டும். பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும்.

அப்புறம் வண்டியைக் கழுவுவது. ரத்தத்தின் மேலேயே ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை ஊற்றித் துடைப்பது வீண், அழுக்கு மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் ரத்தத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மனிதர்கள் மேல் தெளிப்பதும் கூடாது. 2020இல் சில ஊர்களில் அதையும் செய்தார்கள்.

தயார்நிலை என்றால் பெட்டிகளை எண்ணுவது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் எக்ஸ்எல் சைஸ். குள்ளமான பெண் ஊழியர் போட்டால் கால்பகுதி தரையில் புரண்டு தடுக்கிவிடும். பழைய மாஸ்க்கின் எலாஸ்டிக் இழுத்ததும் அறுந்துவிடும்.

கையுறை கிழிந்தது, கண்ணில் தெறித்தது என்றால் அந்த இடத்தை உடனே கழுவிவிட்டு அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சொன்னால் தனிமைப்படுத்துவார்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்றால் ஊழியர் வாயைத் திறக்க மாட்டார், மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்து நிற்பார்.