செட்டிநாட்டு வீட்டை முன்வைத்து சமூகவியல் கோட்பாடு படிக்க

காலவரிசையில் தொடங்காதீர்கள், ஒரு கேள்வியில் தொடங்குங்கள். பர்மாவில் வட்டித்தொழில் செய்து காசுக்குக் காசு கணக்கு எழுதிய நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) ஊரில் ஏன் இத்தனை பெரிய வீடுகளைக் கட்டினார்கள்?

முதலில் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர்: 1904-05இல் வந்த புராட்டஸ்டன்ட் அறம் பற்றிய கட்டுரைகள். நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். பத்திக்கு ஒரு வரி ஓரத்தில் எழுதுங்கள்: என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார். பலர் வழுக்கும் இடம் இதுதான். மதம்தான் முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்று அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே ஓர் இணக்கத்தைக் காட்டினார். 'நகரத்தாரும் அப்படித்தான்' என்று ஒட்டவைக்கவும் கூடாது. அவர் பேசியது கால்வினிய (கால்வின் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவின்) துறவு மனநிலை, வெறும் சிக்கனம் அல்ல.

அடுத்து பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம். அவருக்கு நகரத்தாரின் புள்ளி (குடும்ப அலகு) கணக்கே உதாரணம். மணமானதும் தம்பதி கோயில் கணக்கில் தனிப் புள்ளி, வரியும் தனி. தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் 'சமூக உண்மை' இதில் சட்டென்று விளங்கும்.

மார்க்ஸின் மூலதனம் (1867) முதல் அத்தியாயத்திலேயே ஆளைச் சோர்த்துவிடும். ஆங்கிலப் பதிப்பில் வேலைநாள் பற்றிய 10ஆம் அத்தியாயத்தில் நுழையுங்கள்.

கடைசியில் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு. பணம் போன பிறகும் தேக்குத் தூணும் முகப்பும் தரும் மதிப்பு, அவர் மொழியில் குறியீட்டு மூலதனம். பெயர் சூட்டியதோடு நிறுத்தினால் விடை பாதிதான். அந்த மதிப்பு திருமண சம்பந்தமாகவோ கடனாகவோ எப்படி மாறியது என்றும் காட்ட வேண்டும்.