சின்ன விமான நிலையத்தை மூடப் பார்க்கிறார்களா? முதல் முறை களம் இறங்குபவர்களுக்கு

2003 மார்ச் 30ஆம் தேதி இரவு, சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவோடு புல்டோசர்கள் மெய்க்ஸ் ஃபீல்டுக்குள் நுழைந்தன. ஏரிக்கரையை ஒட்டிய சின்ன விமான நிலையம் அது. ஒரே ஓடுபாதைதான். விடிவதற்குள் அதில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். உள்ளே நின்ற 16 விமானங்கள் மாட்டிக்கொண்டன. பிற்பாடு, ஓடுபாதைக்குப் போகும் டாக்ஸிவேயிலேயே ஓட்டி அவற்றைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்காததற்கு நகராட்சி கட்டிய அபராதம் 33,000 டாலர். அன்றைய சட்டத்தில் அதற்கு மேல் போட வழியில்லை. இந்தக் கூத்துக்குப் பிறகுதான் அதை நாளொன்றுக்கு 10,000 டாலர் என்று மாற்றினார்கள்.

விமான நிலையம் காக்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் புல்டோசர் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மெய்க்ஸையே 1996இல் ஒரு முறை மூடினார்கள். மாநில அரசு தலையிட்ட பிறகுதான் திறந்தார்கள். ஏழு வருஷம் எல்லோர் கண்முன்னும் ஓடிய விவகாரம் அது. சின்ன விமான நிலையங்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் மூடப்படுகின்றன, அதுவும் பத்துப் பதினைந்து வருஷம் முன்பே. அந்தக் காகிதத்தை எப்படித் தேடிப் படிப்பது, அப்புறம் யாரை எப்படிச் சேர்ப்பது என்பதை இங்கே சொல்கிறேன். அமெரிக்கச் சட்டங்களை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

படி 1: நிலம் யாருடையது?

நகராட்சியா, கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகமா, தனியாரா? தனியார் நிலம் என்றால் உரிமையாளர் விற்க நினைத்தால் தடுப்பது கஷ்டம். உள்ளூர் அரசை வாங்க வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் மிச்சமிருக்கும் வழி. அரசு நிலம் என்றால் அடுத்த படிக்குப் போங்கள். உங்கள் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

படி 2: கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

ஓடுபாதைக்குப் புதுத் தார் போடவோ விளக்கு மாற்றவோ உள்ளூர் அரசுகள் எஃப்.ஏ.ஏ. எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் மானியம் வாங்குகின்றன. சின்ன நிலையங்களுக்கு வேலைச் செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். இந்தப் பணம் விமான டிக்கெட் வரி, விமான எரிபொருள் வரி போன்றவற்றிலிருந்து சேரும் தனி நிதி. "எங்கள் வீட்டு வரியில் பணக்காரன் விமானம் ஓட்டுகிறானா?" என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார், அதனால் இதை நினைவில் வையுங்கள்.

மானியத்தை வாங்கும்போது உறுதிமொழிகள் என்று ஒரு நீண்ட பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். நிலையத்தைத் திறந்து வைத்திருப்பேன், எல்லோருக்கும் நியாயமாக இடம் கொடுப்பேன், அதன் வருமானத்தை வேறெதற்கும் திருப்ப மாட்டேன் என்றெல்லாம் அதில் இருக்கும். கட்டுமான மானியம் என்றால் இந்தக் கட்டுப்பாடு பொதுவாக 20 வருஷம் நீடிக்கும். மானியப் பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் அதற்கு முடிவுத் தேதியே கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் உபரி நிலமாகக் கொடுத்த நிலையங்களுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கும். அந்தப் பத்திரத்தையும் தேடுங்கள்.

இவையெல்லாம் பொது ஆவணங்கள். கேட்டு ஒரு கடிதம் எழுதினால் கொடுத்தாக வேண்டும். கடிதத்தில் கேள்வியைக் கூர்மையாக வையுங்கள்: கடைசியாக எந்த ஆண்டு மானியம் வாங்கினீர்கள், எதற்காக, அதன் கட்டுப்பாடு எந்தத் தேதியில் முடிகிறது, நிலம் வாங்க மானியம் உண்டா? "விமான நிலையம் சம்பந்தமான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு பெட்டி நிறையக் குப்பை வரும். எனக்கு வந்தது.

தேதி கையில் கிடைத்ததும் கதை தானாகப் புரியும். கலிஃபோர்னியாவின் ரீட்-ஹில்வியூ நிலையத்தை நடத்தும் சான்டா கிளாரா கவுன்டி 2011க்குப் பிறகு மானியமே வாங்கவில்லை. அதன் கட்டுப்பாடு 2031இல் முடிகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் கட்டுப்பாடு 2021 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த வருஷமே நிலையத்தை மூடி, தனியார் நிலையமாக மறுபடி திறக்க ஊராட்சி கிளம்பியது. நீதிமன்றம்தான் நிறுத்தி வைத்தது. சான்டா மோனிகாவில் நகராட்சியும் எஃப்.ஏ.ஏ.வும் பல வருஷம் வழக்காடிவிட்டு 2017இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 4,973 அடி ஓடுபாதை 3,500 அடியாகக் குறைந்தது. 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நகராட்சி நிலையத்தை மூடிக்கொள்ளலாம்.

ஆகவே, "இந்த வருஷம் மானியம் வேண்டாம், நம் பணத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு கவுன்சிலர் சிக்கனம் பேசினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மூடுவது பற்றி அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

படி 3: ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள்

மானியம் நின்ற நிலையம் எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை பார்த்தால் மறக்காது. டாக்ஸிவே விரிசலில் புல் முழங்கால் உயரம் நிற்கும். எரிபொருள் பம்பில் "பழுது" என்று ஒட்டிய தாள் வெயிலில் வெளிறி, எழுத்தே மறைந்திருக்கும். விமானக் கொட்டகை வரிசையில் பாதிக்குப் பூட்டு. இடம் கேட்டு முப்பது பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்க, பூட்டியவற்றை யாருக்கும் வாடகைக்கு விட மாட்டார்கள். இருக்கிறவர்களுக்கும் நீண்ட குத்தகை போய் மாதாமாதம் புதுப்பிக்கும் குத்தகையாகிவிடும். அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாதபோது எந்த மெக்கானிக் கடை போடுவார், எந்தப் பயிற்சிப் பள்ளி புது விமானம் வாங்கும்?

நாலு வருஷம் கழித்து ஓர் அறிக்கை வரும்: "நிலையத்தின் பயன்பாடு தொடர்ந்து குறைந்து வருகிறது." குறைக்க வைத்தவர்களே எழுதும் அறிக்கை.

போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுங்கள். எந்தப் பேச்சையும்விட இந்தப் படங்கள் உதவும்.

படி 4: பறக்காதவர்களைத் தேடிப் போங்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு இங்கேதான். எங்கள் ஊர் நிலையத்தை மூடப் பார்த்தபோது, முதல் நகர மன்றக் கூட்டத்துக்கு நாற்பது பைலட்டுகளைத் திரட்டிக்கொண்டு போனோம். எல்லோரும் ஒரே மாதிரி தொப்பி. கவுன்சிலர்கள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது: பொழுதுபோக்கைக் காப்பாற்ற வந்த கோஷ்டி என்று எழுதிக்கொண்டுவிட்டார்கள். எனக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். நான் எழுதி எடுத்துப் போனது ஏழு நிமிடப் பேச்சு. விமானப் பயிற்சி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு எங்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியவர், விமானங்கள் ஏறி இறங்கும் வழிக்கு நேர் கீழே குடியிருக்கும் ஒரு பெரியவர். சத்தம் என்று வாராவாரம் புகார் எழுதுபவர், எங்களுக்கெல்லாம் பேர் தெரிந்த எதிரி. எழுந்து நின்று சொன்னார்: "இவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தூங்க விடுவதில்லை. அதைப் பற்றி நான் இன்னமும் புகார் எழுதுவேன். ஆனால் நீங்கள் அங்கே அறுநூறு வீடு கட்டினால் அந்தக் கார்களெல்லாம் என் தெரு வழியாகத்தானே போகும்? அதற்கு யாரிடம் புகார் எழுத?" ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து ஆள் சேர்க்கும் விதத்தையே மாற்றினோம். நோயாளிகளை விமானத்தில் மாற்றி அனுப்பும் ஆம்புலன்ஸ் சேவை, காட்டுத் தீ அணைப்பவர்கள், பேரிடர் மேலாண்மை அலுவலகம், பள்ளி ஆசிரியர்கள், பக்கத்தில் உணவகம் நடத்துபவர் எனப் பலரிடம் போனோம். 2024இல் ஹெலீன் புயலுக்குப் பிறகு வட கரோலினா மலைப்பகுதியில் சாலைகள் அடித்துக்கொண்டு போனபோது, தனியார் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும்தான் பல இடங்களுக்குத் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோயின. இதைப் பைலட் சொன்னால் தற்பெருமையாகத் தெரியும். தீயணைப்பு அதிகாரி சொன்னால் எடுபடும்.

ஏ.ஓ.பி.ஏ. என்ற விமானிகள் சங்கம் 1939 முதல் இருக்கிறது. நிலையங்களைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களுக்கென்று தனி வலையமைப்பும் வைத்திருக்கிறது. உங்கள் நிலையத்துக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

படி 5: சத்தத்தையும் ஈயத்தையும் மழுப்பாதீர்கள்

"விமான நிலையம் இருக்கிறது என்று தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்?" இந்த வாக்கியத்தை உங்கள் அணியில் யாரும் சொல்லக்கூடாது. உண்மையாகவே இருந்தாலும் சொல்லக்கூடாது. அதைக் கேட்டபின் யாரும் நம் பக்கம் வந்ததில்லை.

புகார்களை வாங்கி, நேரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விஷயம்தான் தலைதூக்கும்: மாணவர்கள் இறங்குவதும் உடனே ஏறுவதுமாகத் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வருவது. பறக்கும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எஃப்.ஏ.ஏ.வுக்குத்தான், கட்டாயச் சத்தக் கட்டுப்பாடு கொண்டுவர 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி நகராட்சி நீண்ட வழி போக வேண்டும். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் தாங்களாகவே ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் சுற்றுவதில்லை என்று முடிவெடுக்க ஒரே ஒரு கூட்டம் போதும். அதைச் செய்து காட்டிவிட்டு அக்கம்பக்கத்தாரைப் பார்க்கப் போங்கள்.

ஈயம் இன்னும் கனமான விஷயம். பிஸ்டன் விமானங்கள் பல இன்றும் ஓடுவது 100 எல்.எல். என்ற ஈயம் கலந்த பெட்ரோலில். சான்டா கிளாரா கவுன்டி 2022 ஜனவரி முதல் தன் நிலையங்களில் அதன் விற்பனையை நிறுத்தியது. 2023 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இந்த ஈயம் பொது ஆரோக்கியத்துக்கு ஆபத்து என்று முடிவு வெளியிட்டது. குழந்தை வைத்திருக்கும் தாய் இதைப் பற்றிக் கேட்டால் புள்ளிவிவரம் காட்டி வாதாடாதீர்கள். அவர் கேட்பது நியாயம். ஈயமில்லா எரிபொருளுக்குத் தொட்டி வைக்க நகராட்சியிடம் நீங்களே கோரிக்கை வையுங்கள். 2030 முடிவுக்குள் ஈயத்தை ஒழிப்பதுதான் விமானத் துறையே வைத்திருக்கும் இலக்கு.

படி 6: மூன்று நிமிடப் பேச்சு

நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே ஒட்டுவார்கள். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு ஒட்டியாக வேண்டும். விமான நிலையம் என்ற சொல்லே அதில் இல்லாமல் இருக்கலாம். "நிலப் பயன்பாட்டு ஆய்வுக்கு ஆலோசகர் நியமனம்" என்று இருந்தால் அதுதான்.

பேச்சில் மூன்றே விஷயம் போதும். நீங்கள் யார், எந்தத் தெரு. ஒரே ஒரு உண்மை. ஒரே ஒரு கோரிக்கை. இப்படி:

"நான் மேற்குத் தெருவில் குடியிருக்கிறேன். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. நம் நிலையத்தில் பன்னிரண்டு கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. இடம் கேட்டு முப்பது பேர் காத்திருக்கிறார்கள். அந்த வாடகை வந்தால் நிலையத்தின் பற்றாக்குறை எவ்வளவு குறையும் என்று அடுத்த கூட்டத்துக்குள் கணக்குக் கொடுக்கும்படி அலுவலர்களுக்கு உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

படித்துப் பாருங்கள், அரை நிமிடம்தான். "நிலையத்தைக் காப்பாற்றுங்கள்" என்ற சொல்லே இல்லை. இதற்கு ஒரு கவுன்சிலர் "வேண்டாம்" என்று சொல்ல ரொம்பத் தயங்குவார். எண்கள் மட்டும் உங்களுடையதாக, நீங்களே எண்ணியதாக இருக்கட்டும். மாநில அளவிலான பெரிய பொருளாதார அறிக்கைகளின் கோடிகளை எடுத்து வீசாதீர்கள். எதிர்த்தரப்பு ஒரு எண்ணைத் தப்பென்று காட்டிவிட்டால் மிச்சமும் சேர்ந்து போய்விடும்.

படி 7: மக்கள் வாக்கெடுப்பு வந்தால்

2003இல் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மக்கள், ஆல்பர்ட் விட்டட் நிலையம் தொடரட்டும் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். கடற்கரையில், நகர மையத்தை ஒட்டிய, பூங்காவாக்க ஆசை காட்டிய நிலம் அது. இன்றும் அங்கே விமானங்கள் இறங்குகின்றன.

பெர்லின் டெம்பல்ஹோஃப் வேறு மாதிரி. சின்ன நிலையமில்லை, ஆனாலும் பாடம் நமக்குத்தான். 2008 ஏப்ரல் வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் 60 சதவீதம் பேர் நிலையம் தொடரட்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 25 சதவீதம் பேராவது ஆதரித்திருக்க வேண்டும் என்பது விதி. கிடைத்தது சுமார் 22. அக்டோபர் இறுதியில் மூடிவிட்டார்கள். வாக்கெடுப்பு என்று கேள்விப்பட்டதும் முதலில் விதிகளைப் படியுங்கள். கருத்துக் கணிப்பையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

படி 8: எஃப்.ஏ.ஏ.விடம் புகார்

உறுதிமொழியை மீறுகிறார்கள் என்றால் இரண்டு வழி. எஃப்.ஏ.ஏ. விதிமுறைகளில் பகுதி 13 என்பது முறைசாராப் புகார். வட்டார அலுவலகத்துக்கு ஒரு கடிதம், வக்கீல் தேவையில்லை. பகுதி 16 முறையான வழக்கு மாதிரி. நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்தான் போட முடியும், அதற்கு முன் பேசித் தீர்க்க முயன்றதையும் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். சிறியதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் தேதியோடு எடுத்து வைத்த படங்களுக்கு இங்கேதான் வேலை.

சரி, வாக்கெடுப்பில் ஜெயித்தாயிற்று, மூடும் தீர்மானமும் தோற்றது என்று வைத்துக்கொள்வோம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது, கைகுலுக்கிக் கலைந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து, ஓடுபாதை முனைக்கு நேராக இருந்த காலி நிலத்தில் அடுக்குமாடி கட்ட அனுமதி போயிருந்தது. நகர மன்றத்தில் வந்த விஷயமே இல்லை அது. திட்டக் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்து, எதிர்க்க யாருமில்லாமல் பாஸாகிவிட்டது. இப்போது எங்களில் ஒருவர் திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலை மட்டும் படிக்கிறார். வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுப்பதில்லை.